ஐந்தாவள் வந்திருக்கிறாள்

அது அந்த வண்டி இல்லை என்று வைனரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. முதல் தடவை மதுக்கடையில், சீட்டாட்டத்துக்கு நடுவில். இரண்டாம் தடவை தொலைபேசியில். மூன்றாம் தடவை என் வீட்டு வாசலில், கதவைப் பாதி மட்டும் திறந்துகொண்டு. அவன் விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன் என்று இருந்து பார்த்தேன். நாலாம் தடவை, நவம்பர் மூடுபனி எதிர்வீட்டைக்கூட மறைத்திருந்த ஒரு மதியம், அவன் நேராகச் சமையலறைக்குள் வந்து என் சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் கம்பியை வைத்தான்.

“எஞ்சின்ல இருந்து எடுத்தது மாமா. முறுக்கப் பாருங்க.”

பார்க்க என்ன இருக்கிறது? பந்தயக் கார் ஓடுகிற ஓட்டத்தில் அதன் உடம்பு முழுக்க நடுங்கும். அந்த நடுக்கத்தில் எப்பேர்ப்பட்ட நட்டும் கழன்றுவிடும். அதனால் முக்கியமான நட்டுகளில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து, குறட்டால் முறுக்கிக் கட்டிவிடுவோம். கட்டிய நட்டு அசையாது. வலக்கைக்காரன் முறுக்கினால் முறுக்கு ஒரு பக்கம் சாயும். நான் இடக்கைக்காரன், என்னுடையது மறுபக்கம் சாயும். பெல்லோதி முதலாளியின் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்தோம். ஆறு பேரில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான். எங்கள் வண்டிகளை ஓட்டிய நேரியோ அதற்குப் ‘பீச்சாங்கை முறுக்கு’ என்று பெயர் வைத்திருந்தான்.

“எவனோ இன்னொரு பீச்சாங்கை,” என்றேன்.

வைனர் சிரித்தான். பழைய பந்தயக் கார்களைப் பிரித்து, பழையபடியே கூட்டித் தருவது அவன் தொழில். நாற்பது வயதுக்குள் பெயர் வாங்கிவிட்டான். கெட்டிக்காரன், பாவி. சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பொத்தான் ஆலை முதலாளி அவனிடம் இந்த வண்டியை ஒப்படைத்திருந்தார். வண்டி அசல்தான் என்று அதைத் தொட்டு வேலை செய்தவன் ஒருவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த ஆறு பேரில் நான் மட்டும்தான் மிச்சம்.

“சரி, எவனோ. வியாழக்கிழமை பட்டறைக்கு வாங்க. ஸ்டியரிங் பெட்டிய இன்னும் தொறக்கல. மேல தகடு வெச்சுப் பத்த வெச்சிருக்கான் எவனோ புண்ணியவான். அத உங்க முன்னாடிதான் அறுக்கணும்னு இருக்கேன். உள்ள உங்க முறுக்கு இருந்தா கையெழுத்துப் போடுங்க. இல்லையா, நான் இனிமே உங்க வாசப்படி மிதிக்கல.”

“வருவாரு,” என்றாள் என் மனைவி ஆர்ஜா, அடுப்பைப் பார்த்தபடியே. “நானும் வர்றேன். எங்கண்ணன் நேரியோ கடைசியா ஒக்காந்த வண்டி. நான் பாக்க வேண்டாமா?”

ஸ்டியரிங் பெட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வைனர் போன பிறகும் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனது கூட எனக்குத் தெரியவில்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தொன்றாம் வருடத்துக் குளிர்காலத்தில், முன்பு பட்டுப்புழு வளர்த்த கொட்டகையில், பெல்லோதி கட்டிய ஐந்தாவது வண்டி அது. எங்கள் ஊரில் வண்டியைப் பெண்ணாகத்தான் பேசுவோம். அதனால் ஐந்தாவள். ஐந்தாவது பெண் கெஞ்சினாலும் கிடைக்காது என்பார்களே, அதற்குக் குறைவில்லாதவள். வரைபடம் என்று ஒன்று கிடையாது. பெல்லோதி சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார், நாங்கள் தகட்டை அந்தக் கோட்டுக்கு வளைப்போம். சிவப்புச் சாயம் காயும் முன்பே பந்தயத்துக்குப் போனாள். முதல் வருடம் இரண்டு கோப்பை, அடுத்த வருடம் ஒன்று. மலைப்பாதையில் அவள் ஏறும்போது சத்தம் முதலில் வரும், பிறகு நெடுநேரம் ஒன்றுமே வராது, திடீரென்று சிவப்பாக ஒன்று நம்மைக் கடந்திருக்கும். பார்த்தோமா, கண்டதாக நினைத்துக்கொண்டோமா என்று நமக்கே சந்தேகம் வரும். இப்போது கண்ணை மூடினாலும் எனக்கு அப்படித்தான் தெரிகிறாள்.

ஐம்பத்து மூன்று அக்டோபரில் ஆற்றங்கரை ஊர்களைச் சுற்றி ஒரு பந்தயம். அறுபதாவது கிலோமீட்டரில், மூடுபனிக்குள், ஐந்தாவள் ஒரு வாய்க்காலில் விழுந்தாள். நேரியோ போய்விட்டான். அவனுக்கு இருபத்தேழு வயது.

பெல்லோதி அந்த வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய இரும்புக்காரன் ஒருவன் வாய்க்காலிலிருந்து இழுத்துக்கொண்டு போனான். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. உருக்கியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உருக்கியிருந்தால் நல்லது என்று நினைத்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உருக்கவில்லை. வைனர் ஊர் ஊராக அலைந்து தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். எஞ்சினை, எங்கள் சமவெளியில் ஓடும் ‘போ’ ஆற்றில் மணல் அள்ளுகிற படகில் பூட்டிவிட்டார்களாம். பதினாலு வருடம் படகோட்டியிருக்கிறது. உடம்பை ஒரு திருவிழா ராட்டினக்காரன் வாங்கினான். மரச் சக்கரங்கள் மாட்டி, குதிரைகளுக்கும் அன்னங்களுக்கும் நடுவில் அவளை நிறுத்தினான். பிள்ளைகள் விரல் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஓட்டுகிறவன் காலடியில் ஒரு கனத்த தகட்டைப் பற்றவைத்து மூடினான். மலையேறியவள் இருபது வருடம் நடையாய் நடந்து வட்டம் சுற்றினாளாம், பாட்டுப் பெட்டி பாட, பஞ்சுமிட்டாய் ஒட்டிய கைகள் அவள் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்ப. இதைக் கேட்டதிலிருந்து மதியத் தூக்கத்தில் எனக்கு அந்த ராட்டினம்தான் வருகிறது. பனி. பாட்டு மெதுவாகக் கேட்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நேரியோ என்னைக் கடந்து போகிறான், வெள்ளை உடுப்பில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு. ‘நிறுத்து’ என்று கையைத் தூக்கப் பார்க்கிறேன். கை தூக்க வரவில்லை.

அன்று காலையும் தூக்க வரவில்லை. அதுதான் விஷயம்.

பந்தயத்தன்று காலை ஸ்டியரிங் பெட்டியின் பெரிய நட்டை நான்தான் இறுக்கினேன். ஓட்டுகிறவன் காலடியில், ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்கிற நட்டு. அது கழன்றால் வளையம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இறுக்கி முடித்துக் கம்பியை எடுத்தேன். அப்போது நேரியோவின் தங்கை சைக்கிளில் வந்தாள். ஆர்ஜாதான். காப்பிக் கூஜாவும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது என்றாள். எனக்கு இருபத்துநாலு வயது. அவள் ‘சங்கிலி’ என்று சொன்னதே எனக்குப் போதும். கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். இரண்டு நிமிட வேலை. கால் மணி நேரம் செய்தேன். சங்கிலியைத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், மணியைக் கூட இறுக்கினேன்.

திரும்பி வந்தபோது மூடி மூடியிருந்தது. ஐந்தாவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கம்பி கட்டினேனா? கட்டிவிட்டுத்தான் போனேனா? மூடியை நான்தான் மூடினேனா? நினைவு சைக்கிள் மணியோடு நின்றுவிட்டது. புறப்படும் கோட்டில் நேரியோவின் முன்னால் ஒரு நிமிடம் முழுதாக நின்றேன். ‘ஒரு நிமிஷம், மூடியைக் கழற்றிப் பார்க்கணும்’ என்று சொல்லியிருக்கலாம். பெல்லோதி எல்லார் முன்னாலும் கத்துவார். ஆர்ஜா பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். கொடி இறங்கிற்று. அவன் பனிக்குள் போனான்.

வாய்க்காலில் முன்சக்கரம் இரண்டும் பிய்ந்து போயிருந்தன. ஸ்டியரிங் விட்டதா, அவனே விட்டானா என்று மூடியைக் கழற்றி யாரும் பார்க்கவில்லை. வேகம் என்று எழுதி முடித்தார்கள். ஊரும் அதையே சொன்னது. அவன் தங்கையும் அதையே சொல்லி அழுதாள். மூன்று வருடம் கழித்து நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ‘உன் அண்ணனைக் கொன்றது நானாக இருக்கலாம்’ என்று எந்த நாளில் சொல்வது? கல்யாணத்துக்கு முன்பா, பிள்ளை பிறந்த பிறகா, பேத்தியின் ஞானஸ்நானத்திலா? சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் போய்விட்டால் எனக்கு இந்த உலகத்தில் ஒன்றுமில்லை. ஐம்பது வருடம் இப்படியே ஓட்டிவிட்டேன்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் அது அந்த வண்டி இல்லை என்றேன் என்று?

வியாழக்கிழமை ஆர்ஜா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். வைனரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனோம். வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. சாலையோரப் பாப்ளார் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து முகம் காட்டிவிட்டுப் போயின. எங்கே போகிறோம், எந்த வருடத்துக்குப் போகிறோம் என்று தெரியாமல் எனக்குத் தலை கிறங்கியது.

“என்ன, வாய்ல கொழுக்கட்டையா?” என்றாள் ஆர்ஜா.

“ஒண்ணுமில்ல.”

“ஒனக்குப் பொய் சொல்ல வராது லெயார்கோ. அந்தப் பையன்கிட்ட மூணு தடவ சொன்னியே, அது அந்த வண்டி இல்லன்னு. அப்பவே தெரியும் எனக்கு, அதுதான் வண்டின்னு.”

“மாமாவுக்கு எம்மேல கோவம் அத்தே,” என்றான் வைனர் முன்னாலிருந்து.

“அவருக்கு எல்லார் மேலயும் கோவம். நீ ரோட்டப் பாத்து ஓட்டு. எங்க வீட்ல ஒருத்தன் இந்தப் பனியில போனது போதும்.”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டறையில் பளிச்சென்று விளக்கு. தரையில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். நடுவில் ஐந்தாவள் நின்றாள். சாயமில்லாமல், வெறும் தகடாக, சின்னவளாக. இவ்வளவு சின்னவளா? என் நினைவில் அவள் வீட்டளவு வளர்ந்திருந்தாள். கிட்டே போனேன். இடப்பக்கத் தகட்டில் என் சுத்தியல் தடம் இருந்தது. கையை வைத்தேன். பொய் சொல்ல எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை.

“இவதான்,” என்றேன்.

வைனர் ‘அப்பவே சொன்னேனே’ என்று குத்திக்காட்டவில்லை. கெட்டிக்காரன் என்றேனே, அதில் நல்ல குணமும் சேர்த்திதான். ஆர்ஜாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரியோ உட்கார்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைனர் அறுக்கிற யந்திரத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தான். பொறி பறந்தது. ராட்டினக்காரனின் தகடு மூன்று பக்கம் விட்டுவிட்டது. நாலாவது பக்கம்தான் பாக்கி.

“நிறுத்துடா,” என்றேன்.

நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. என் கால்கள் ஆர்ஜாவின் நாற்காலிக்குப் போய்விட்டன. அவள் முன்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

“அதுல கம்பி இருக்காது ஆர்ஜா. அன்னிக்கு நான் கட்டினேனான்னு எனக்குத் தெரியாது. ஒன் சைக்கிளத் தள்ளிட்டுப் போனேன். திரும்பி வந்தப்பவும் பாக்கல. வெக்கமா இருந்துச்சு, வாயத் தொறக்கல. உள்ள கம்பி இல்லன்னா ஒங்கண்ணன் வேகத்துல போய்ச் சாகல. நான்தான் கொன்னேன்.”

ஐம்பது வருடத்துப் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடையில் யாரோ தப்பான பொருளைக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு முழிப்பு முழித்தாள்.

“தொற வைனர்,” என்றாள்.

நாலாவது பக்கமும் விட்டது. கீழே எங்கள் பழைய சின்ன மூடி இருந்தது. அதன் நாலு திருகாணிகளை வைனர் எண்ணெய் விட்டுக் கழற்றினான். காய்ந்த வாய்க்கால் சேறு தூளாகக் கொட்டியது. தூரிகையால் துடைத்தான். விளக்கைக் கிட்டே பிடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இருக்கு மாமா. கம்பி இருக்கு. நட்டு கெட்டியா இருக்கு.”

வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். இருந்தது. துருப்பிடித்து, கறுத்து, அறுந்து போகாமல், நட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தது. அப்படியானால் ஸ்டியரிங் விடவில்லை. பனிதான். பனியும் வேகமும்தான். ஒரு மூச்சு இழுத்தேன், அவ்வளவு பெரிய மூச்சை நான் இளவயதிலும் இழுத்ததில்லை.

இரண்டாவது மூச்சுக்குள் கண்ணில் பட்டது. முறுக்கு என்னுடையதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கோணல் மாணலாக, ஒரு சுற்று இறுக்கமும் ஒரு சுற்று தளர்வுமாக, கம்பி கட்டிப் பழக்கமில்லாத ஒரு வலது கையின் முறுக்கு.

வைனரும் பார்த்துவிட்டான். முகம் சுண்டிப்போயிற்று.

“இது உங்களுது இல்ல. பின்னால எவனோ தொட்டிருக்கான். ராட்டினக்காரனா இருக்கும்,” என்றான். “ஒண்ணும் மோசமில்ல மாமா. எஞ்சின்ல இருக்கிற பதினேழு முறுக்கும் உங்களுது. இது ஒண்ணுதான் அசல் இல்ல. இத வெட்டி எடுத்துடறேன். அதே அளவுல பழைய கம்பி வெச்சிருக்கேன், உங்க கையாலயே ஒண்ணு முறுக்கிக் கொடுங்க. வண்டி அன்னிக்கு இருந்தபடியே ஆயிடும்.”

சொல்லிக்கொண்டே வெட்டுக் குறட்டை எடுத்து உள்ளே விட்டான். அதன் வாய் கம்பியைக் கவ்வியது.

“கைய எடு,” என்றாள் ஆர்ஜா.

அவள் எப்போது எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கைப்பை தரையில் கிடந்தது. வைனரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“அத்தே, இது அசல்...”

“எது அசல்னு நீ எனக்குச் சொல்லாத. கைய எடுடா மொதல்ல.”

அவன் எடுத்தான். அவள் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கம்பியை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. பிறகு என்னிடம் திரும்பாமலே பேசினாள்.

“நீ சைக்கிளத் தள்ளிட்டுப் போனதும் நேரியோ வந்தான். ஒக்கார்றதுக்கு முன்னாடி எப்பவும் கீழ கைய விட்டுப் பாப்பானே, அப்படிப் பாத்தான். ‘கட்டாம போயிட்டான் பீச்சாங்கை, ஒன்னப் பாத்ததும்’னு சிரிச்சான். அந்த வெள்ள உடுப்போட தலகீழாப் படுத்துட்டான். ‘அந்தக் கம்பிய எடு’ன்னான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவனுக்கு வரவே இல்ல. ரெண்டு தடவ அவுத்துக் கட்டினான். அப்புறம் மூடிய அவனே மூடினான்.”

“ஆர்ஜா.”

“நீ கட்ட மறந்தது ஒனக்கே தெரியாதுன்னு நெனச்சேன் லெயார்கோ. தெரியாத ஆளுகிட்டப் போய் நீ மறந்துட்டேன்னு சொல்லிக் குத்தணுமா? அதுவும் அவன் செத்த பெறகு?”

“ஒரு வார்த்த,” என்றேன். கோபம்தான், வேறென்ன. ஐம்பது வருடக் கோபம். “ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. தெனமும் ராத்திரி எழுந்து கூடத்துல நடக்கிறேன். ஒனக்குத் தெரியாதா?”

“நீ மூத்திரத்துக்குப் போறேன்னு நெனச்சேன்,” என்றாள். “சொல்ல மாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அன்னிக்கே அவன் போயிட்டான். அந்தச் சத்தியத்த நான் யார்கிட்டப் போய்த் திருப்பிக் கொடுக்க?”

“எதுக்குச் சத்தியம் வாங்கினான்?”

“‘இத லெயார்கோகிட்ட மட்டும் சொல்லிடாத’ன்னான். ‘பாவம், அவனுக்குத் தூக்கம் வராது’ன்னான்.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், ஐந்தாவளின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. ஆர்ஜா மெதுவாகக் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வைனர் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவன் இருக்கிறானே என்று ஒரு கணம் யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன்.